கம்பெனி செட்டை மாற்றப்போகிற பிள்ளைக்கு

பழைய வேகன் ஆர் ஒன்றை வாங்கியிருக்கிறாய். டயரைத் தட்டிப் பார்த்தாய், ஆர்.சி. புத்தகமும் உன் பெயருக்கு மாறிவிட்டது. இப்போது பாட்டு சரியில்லை என்கிறாய். கையில் 15,000 ரூபாய் இருக்கிறது, அதற்குள் முடியுமா பெரியப்பா என்று கேட்டாய். முடியும் கண்ணு. ஆனால் நீ கடையில் பார்த்து வைத்திருக்கிற பொருளில் பாதி உனக்கு வேண்டியதில்லை. நீ பார்க்காத சில பொருள் வேண்டியிருக்கிறது.

நான் இந்த வேலைக்கு வந்தது 1984-இல். மாருதி 800 சாலையில் ஓடத் தொடங்கிய புதிது. சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடை வாசலில், வெயிலில் நிற்கிற அம்பாசிடருக்குள் மல்லாந்து படுத்து, டேஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்துக் கேசட் செட் மாட்டக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவரை எல்லாரும் பாய் என்போம். பத்து வருஷம் கழித்துக் கோவையில் சொந்தக் கடை போட்டேன். மாட்டிய வண்டிகளுக்குக் கணக்கு இல்லை. கெடுத்த வண்டிகளுக்கு இருக்கிறது, இருபத்து மூன்று. கீழே சொல்வதெல்லாம் அந்த இருபத்து மூன்றிலிருந்து வந்தவைதான்.

1. எதையும் வாங்குமுன் ஒரு வாரம் வண்டியில் சும்மா உட்கார்ந்து கேள். உனக்கு மனப்பாடமான இரண்டு மூன்று பாட்டு போதும். நான் சோதனைக்கு வைத்திருப்பது 1986-இல் வந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’. கேசட் தேய்ந்துபோய் இப்போது பென்டிரைவில் இருக்கிறது. எந்த இடத்தில் சத்தம் கிழிகிறது, எந்த வேகத்தில் கதவு அதிர்கிறது, எஞ்சினை அணைத்தால் வித்தியாசம் தெரிகிறதா என்று ஒரு நோட்டில் எழுது. கடை போட்ட புதிதில் ஒரு வாத்தியார் வந்தார். பாட்டில் கரகரவென்று சத்தம் வருகிறது, புது செட் மாட்டு என்றார். மாட்டினேன். சத்தம் அப்படியே இருந்தது. ஸ்பீக்கரும் மாற்றினேன். கதவைப் பிரித்தபோது ஸ்பீக்கர் வலைக்குப் பின்னால் ஒரு நாலணா கிடந்தது, அவர் மகள் போட்டது. ஸ்பீக்கர் காசை அவரிடம் வாங்கவில்லை. செட்டுக்கு வாங்கியதைத் திருப்பியும் கொடுக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. கேட்கத் தெரிந்தவனுக்குச் செலவு பாதி.

2. பணத்தை வீட்டிலேயே பிரித்துக்கொள், கடையில் வைத்துப் பிரிக்காதே. 15,000-ஐ நான் பிரிப்பது இப்படி: முன் கதவு ஸ்பீக்கர் இரண்டுக்கு 6,000. அந்த இரண்டு கதவுக்கும் டேம்பிங் ஷீட் 2,500. ஒயர், கப்ளர், ஸ்பீக்கர் வளையம், கிளிப்புக்கு 1,500. செட்டுக்கு 4,000. மிச்சம் 1,000 சட்டைப் பையில் இருக்கட்டும், எப்படியும் ஏதாவது உடையும். பின்னால் ஒன்றும் வேண்டாம். வண்டி ஓட்டுகிறவன் முன்னால் உட்காருகிறான், பக்கத்தில் உட்காரப் போகிறவளும் முன்னால்தான். கச்சேரியில் யாரும் மேடைக்கு முதுகைக் காட்டி உட்காருவதில்லை. எல்லாரும் செட்டிலிருந்து தொடங்குகிறார்கள், ஏனென்றால் அதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. நீ ஸ்பீக்கரிலிருந்து தொடங்கு. இப்போதிருக்கிற கம்பெனி செட் பரவாயில்லையென்றால் அந்த 4,000-ஐ தொடவே தொடாதே. ஆறு மாதம் கழித்து ஒரு சின்ன ஆம்ப்புக்கு ஆகும்.

3. அட்டைப்பெட்டி மேல் இருக்கும் எண்ணை நம்பாதே. செட்டின் பெட்டியில் 50×4 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். செட்டைத் திருப்பி அதன் பின்னால் செருகியிருக்கிற ஃப்யூஸைப் பார். பெரும்பாலும் 10 ஆம்பியர், சிலதில் 15. எஞ்சின் ஓடும்போது வண்டியில் இருப்பது சுமார் 14 வோல்ட். பத்தைப் பதினாலால் பெருக்கு, 140 வாட்ஸ். அதிலும் பாதிக்குப் பக்கம் சூடாகப் போய்விடும். மிஞ்சுவதை நாலு ஸ்பீக்கருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்குப் பதினேழு பதினெட்டு. 15 ஆம்பியர் ஃப்யூஸ் என்றாலும் இருபத்தைந்தைத் தாண்டுவது கஷ்டம். ஐம்பது என்பது ஒரு கண நேர உச்சம், அதை வைத்துப் பாட்டுக் கேட்க முடியாது. ஆர்.எம்.எஸ். என்று போட்டிருக்கும் எண்தான் உண்மை.

இதோடு சேர்த்து இன்னொன்று. ஸ்பீக்கர் பெட்டியின் மூலையில், சின்ன எழுத்தில், சென்சிடிவிட்டி என்று 88 டிபி, 91 டிபி என ஒரு எண் இருக்கும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் என்பது அதன் பொருள். 3 டிபி கூட வேண்டுமென்றால் ஆம்ப்பின் வாட்ஸை இரட்டிப்பாக்க வேண்டும். அப்படியென்றால் 88-க்குப் பதில் 91 உள்ள ஸ்பீக்கரை வாங்கினால், செட் மாற்றாமலே வாட்ஸை இரட்டிப்பாக்கிய மாதிரி. காசில்லாதவன் பார்க்க வேண்டிய எண் இது. எனக்கு இது புரிய ஒன்பது வருஷம் ஆனது. அதுவரை பெரிய காந்தம் இருந்தால் நல்ல ஸ்பீக்கர் என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

4. பழையது வாங்க வெட்கப்படாதே, திருட்டுப் பொருள் வாங்கப் பயப்படு. ஆம்ப்பும் செட்டும் பழையதாக வாங்கலாம், மாட்டிப் பாடவைத்துப் பார்த்துவிட்டு. ஸ்பீக்கர் பழையதென்றால் கோனை நாலு விரலால் சமமாக, மெதுவாக அமுக்கிப் பார். உள்ளே உரசுகிற சத்தம் கேட்டால் காயில் போய்விட்டது, வைத்துவிட்டு வா. கோனைச் சுற்றியிருக்கும் ரப்பர் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்து வெடிப்பு இருக்கிறதா என்று பார். சென்னை புதுப்பேட்டையில் நல்ல சரக்கும் கிடைக்கும், நம்மை ஏமாளியாக்குகிற சரக்கும் கிடைக்கும். தொண்ணூறுகளில் கார் கண்ணாடியை உடைத்து செட்டை உருவிக்கொண்டு போவது ஒரு தொழிலாகவே நடந்தது. செட்டின் முகப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போகிற வசதி பரவியதே அதனால்தான். ஒரு நாள் சாயங்காலம் ஒரு பையன் பாதி விலைக்கு ஒரு செட் கொண்டுவந்தான். கேள்வி கேட்காமல் வாங்கினேன். ஒரு மாதத்தில் காவல் நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் செட்டின் சொந்தக்காரர். அவர் என் வாடிக்கையாளர். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை, வண்டியையும் கொண்டு வரவில்லை.

5. மோதிரத்தைக் கழற்று. பிறகு பேட்டரியின் நெகடிவைக் கழற்று. பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரைத் தொட வேண்டும். என் வலது கை மோதிர விரலைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் இருக்கிறது, நீ சின்ன வயதில் அதைத் தொட்டுப் பார்த்து இது என்ன பெரியப்பா என்று கேட்பாய். கல்யாணமான மூன்றாம் மாதம், பாசிடிவில் ஸ்பானர் போட்டிருந்த கையின் மோதிரம் வண்டி பாடியில் பட்டது. தங்கம் கண் இமைக்கும் நேரத்தில் பழுத்துவிட்டது. 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்ற தைரியம் எனக்கு. ஷாக் அடிக்காதுதான், சுடும். உன் அத்தைமார் இன்றும் நான் மோதிரத்தை அடகு வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உன் வண்டியில் ஏர்பேக் இருந்தால் நெகடிவைக் கழற்றிய பிறகு ஒரு டீ குடித்துவிட்டு வா, அதில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடியட்டும். ஸ்டியரிங்குக்குக் கீழேயோ சீட்டுக்குக் கீழேயோ மஞ்சள் உறை போட்ட கப்ளரைப் பார்த்தால் கும்பிட்டுவிட்டு விலகிவிடு, அது ஏர்பேக்குடையது. மீட்டர் கூட வைக்காதே.

6. கம்பெனி ஒயரை வெட்டாதே. உன் வண்டிக்கு ஏற்ற கப்ளர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு பக்கம் வண்டியில் செருகும், மறுபக்கம் செட்டில். வெளியில் வாங்கும் செட்டில் பெரும்பாலும் நிறங்கள் ஒன்றுதான்: மஞ்சள் எப்போதும் பேட்டரி, சிவப்பு சாவி போட்டால் வருவது, கறுப்பு எர்த். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. அதே நிறத்தில் கறுப்புக் கோடு ஓடினால் அது நெகடிவ். வண்டியிலிருந்து வருகிற ஒயரின் நிறமோ கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதை மீட்டர் வைத்துத்தான் நம்ப வேண்டும். ஒருமுறை அவசரத்தில் சிவப்பையும் சேர்த்து நேராக பேட்டரி ஒயரிலேயே கொடுத்துவிட்டேன். செட் அழகாகப் பாடியது. சாவியை எடுத்தாலும் உள்ளே விழித்துக்கொண்டே இருந்தது. நாலு நாள் கழித்து, குழந்தைக்கு மொட்டை போட விடியற்காலையில் பழனிக்குக் கிளம்பிய குடும்பம் வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனை வரை போனது. அந்தத் தாத்தா என்னைத் திட்டவில்லை. முகூர்த்தம் தப்பிப்போச்சுப்பா என்று மட்டும் சொன்னார்.

7. ஆம்ப் வைக்கிற நாள் வந்தால், ஃப்யூஸ் இல்லாமல் ஒரு அடி ஒயரும் இழுக்காதே. நான் சொல்வதில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதே. பேட்டரியிலிருந்து கிளம்பும் ஒயரில் ஒரு முழத்துக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். ஆம்ப்புக்குள்ளேயே ஃப்யூஸ் இருக்கிறதே என்று கடைப்பையன் சொல்வான். அது ஆம்ப்பைக் காக்கிறது. நீ வைக்கப் போவது ஒயரைக் காப்பாற்ற. பானெட்டிலிருந்து டிக்கி வரை பதினைந்து அடி ஒயர் தகரத்தின் ஓரங்களை உரசிக்கொண்டு போகிறது. எங்காவது ஒரு இடத்தில் உறை தேய்ந்து தகரத்தைத் தொட்டால், முழு பேட்டரியும் அந்த ஒரு புள்ளியில் இறங்கும். ஒயரே அடுப்புக் கம்பி ஆகிவிடும்.

எனக்கு நடந்தது அதுதான். ஃப்யூஸ் ஹோல்டர் தீர்ந்துவிட்டது, தீபாவளிக்கு முந்தின நாள். நாளைக்கழித்து வாங்க, ஃப்யூஸ் போட்டுத் தருகிறேன் என்று வண்டியை அனுப்பிவிட்டேன். ஃபயர்வாலில் துளை போட்ட இடத்தில் ரப்பர் வளையமும் வைக்கவில்லை. அவிநாசி ரோட்டில் கால்மாட்டிலிருந்து புகை வந்தது. நல்லவேளை வண்டியில் ஒருவர்தான் இருந்தார், சமயோசிதமாக நிறுத்திவிட்டு பேட்டரி ஒயரைப் பிடுங்கினார். கார்ப்பெட் எரிந்ததோடு போயிற்று. பின் சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்திருந்தால் என்று நான் நினைக்காத தீபாவளி இல்லை. ஃப்யூஸ் அடிக்கடி போகிறதென்றால் அது ஏதோ சொல்கிறது, கேள். சிகரெட் பாக்கெட்டின் ஜிகினாத் தாளைச் சுற்றி வாயை அடைக்காதே.

8. ஒயர் வாங்கும்போது பிளேடால் சுரண்டிப் பார். மேலே செம்பு நிறம், சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். கிட் என்று பளபளக்கிற பையில் போட்டு மலிவாக விற்பதில் பெரும்பாலும் இதுதான். செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குதான் கடத்தும், அதனால் ஒரு அளவு தடிமனாகப் போட்டால் ஒழிய ஆகாது. வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். செம்பு என்று நினைத்து வாங்காதே.

இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றாதே. கோடையில் பூட்டிய வண்டிக்குள் இருக்கும் சூட்டில் டேப்பின் பசை உருகி, மூன்றாம் வருஷம் ஒயர் அம்மணமாகத் தொங்கும். சால்டர் வைத்து ஸ்லீவ் போடு, அல்லது க்ரிம்ப் செய்.

9. கதவுதான் பெட்டி. இதைச் சொல்லிக்கொடுக்க பாய்க்கே ஆள் இல்லை, நாங்கள் இரண்டு பேரும் பின்னால்தான் கற்றோம். வீட்டு ஸ்பீக்கரைப் பார், கனமான மரப்பெட்டிக்குள் இருக்கிறது. கார் ஸ்பீக்கரோ ஓட்டை விழுந்த மெல்லிய தகரத்தில் தொங்குகிறது. கோன் முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் தள்ளும் காற்றும் அந்த ஓட்டைகள் வழியே கலந்து ஒன்றையொன்று அழித்துவிடும், பேஸ் காணாமல் போகும். தகரம் தன் பங்குக்குத் தானும் பாடும். ஆகவே வெளித்தகரத்தின் உள்பக்கம் டேம்பிங் ஷீட் ஒட்டு. முழுக்க ஒட்டத் தேவையில்லை, ஸ்பீக்கருக்கு நேர் பின்னாலும் விரலால் தட்டினால் டொங்கென்று கேட்கிற இடத்திலும் போதும். பிறகு உள்தகரத்தின் பெரிய ஓட்டைகளை மூடு. பியூட்டைல் ஷீட்டாக வாங்கு. மலிவென்று மொட்டை மாடிக்குப் போடும் தார் ஷீட்டை ஒட்டாதே. நான் ஒட்டினேன். சித்திரை வெயிலில் உருகிக் கதவுக்கடியில் கறுப்பாகச் சொட்டியது, ஒரு டாக்டர் அம்மாவின் வெள்ளைப் புடவையில்.

ஒட்டுமுன் தகரத்தைத் தின்னர் தொட்டுத் துடை. எண்ணெய்ப் பிசுக்கில் எதுவும் நிற்காது. வெயிலில் கொஞ்சம் காயவைத்த ஷீட் நன்றாகப் படியும். உருளையால் அழுத்து, மணிக்கட்டு வலிக்க வேண்டும். கதவின் அடி ஓரத்தில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், அவை மழைத் தண்ணீர் வடிய. கண்ணாடி வழியாகத் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். நான் ஒருமுறை வேலை சுத்தமாக இருக்கட்டும் என்று அந்தத் துளைகளையும் சேர்த்து ஒட்டிவிட்டேன். ஐப்பசி மழை. கதவைத் திறந்தால் குடம் அலம்புகிற சத்தம். பவர் விண்டோ மோட்டார் என் செலவு. ஸ்பீக்கர் வளையத்துக்கும் இதே கதைதான், எம்.டி.எஃப். பலகை தண்ணீர் குடித்து அப்பளமாக உப்பிவிடும், பிளாஸ்டிக் வளையம் வாங்கு.

ஸ்பீக்கரின் அகலத்தை எல்லாரும் அளப்பார்கள், ஆழத்தை அளக்க மாட்டார்கள். கண்ணாடியை முழுக்க இறக்கி வைத்துக்கொண்டு அள. ஏற்றி வைத்து அளந்தால் எல்லாம் பொருந்தும், இறக்கும்போது காந்தத்தில் இடித்து நொறுங்கும். இதற்குக் கதை சொல்ல மாட்டேன். இருபத்து மூன்றில் இரண்டு இது.

இந்த ஒரு நாள் வேலையை யாரும் பார்க்கப் போவதில்லை. டோர் பேடை மாட்டியதும் எல்லாம் மறைந்துவிடும். உன் நண்பன் ஏறி உட்கார்ந்து, என்னடா மாற்றின, ஒன்றும் காணோமே என்பான். கதவைச் சாத்துகிற சத்தத்தைக் கேட்கச் சொல். முன்பு தகர டப்பா, இப்போது பெரிய வண்டி.

10. இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் மூச்சு விடட்டும். ஒன்றில் பாசிடிவ் நெகடிவ் மாறிவிட்டால், ஒருவர் ஊஞ்சலைத் தள்ளும்போது இன்னொருவர் இழுக்கிற கதை. பாட்டு கேட்கும், பேஸ் இருக்காது, பாடகர் எங்கே நிற்கிறார் என்றே தெரியாது. ஒயர் முனையில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பார். பாசிடிவுக்குப் பாசிடிவ் என்றால் கோன் வெளியே வரும். ட்வீட்டரில் இதைச் செய்யாதே, அது நோஞ்சான்.

11. கீழே விழுந்த திருகாணியைத் தேடி எடு. பாய் என்னை அடித்ததில்லை, ஒருமுறை மட்டும் ராத்திரி எட்டு மணிக்கு முழு டேஷ்போர்டையும் மறுபடி கழற்ற வைத்தார். ஒரு திருகாணி உள்ளே உருண்டுவிட்டது, தெரியாது என்று நினைத்து மூடிவிட்டேன். அவர் வண்டியைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, என்னடா உள்ளே சலங்கை கட்டியிருக்கிறாய் என்றார். பத்து மணிக்கு அது கிடைத்தது. அன்றிலிருந்து ஒரு முட்டை அட்டையை வைத்து, கழற்றும் வரிசையிலேயே குழிக்கொரு திருகாணியாகப் போட்டு வைக்கிறேன். கிளிப் உடைந்தாலும் அப்படித்தான். பழைய வண்டியில் உடையும், புதுசு வாங்கிப் போடு. பக்கத்துக் கிளிப் பிடித்துக்கொள்ளும் என்று விட்டால் ஒரு மாதத்தில் கதவு கிலுகிலுப்பை ஆடும்.

12. திரையில் மயங்காதே. ஒரு அங்குலம் கூடக் கூட விலை ஏறும், சத்தம் ஏறாது. சிங்கிள் டின், டபுள் டின் என்பதில் உள்ள டின் தகரம் அல்ல, ஜெர்மனியின் தர நிர்ணய அமைப்பின் பெயர்ச் சுருக்கம். சிங்கிள் என்றால் 180-க்கு 50 மில்லிமீட்டர், டபுள் என்றால் உயரம் இரட்டிப்பு. நானே பதினைந்து வருஷம் தகரம் என்றுதான் நினைத்திருந்தேன். மலிவான ஆண்ட்ராய்டு செட் வாங்கினால் வண்டி அணைந்திருக்கும்போது எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று மீட்டரில் பார்க்கச் சொல். மொத்த வண்டியும் சேர்ந்து 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். 50 என்றாலே நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. 35 ஆம்பியர் மணி பேட்டரியோடு மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் வண்டி கிளம்புவது சந்தேகம்.

13. கொய்ங் என்று ஒரு சத்தம் வரலாம், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சுருதி ஏறும். ஆல்டர்னேட்டரின் குரல் அது. உடனே ஃபில்டர் வாங்க ஓடாதே. எர்த் எடுத்த இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டினாயா? ஆம்ப்பின் எர்த் ஒயர் ஒரு முழத்துக்குள் இருக்கிறதா? பேட்டரி ஒயரையும் பாட்டு வருகிற ஆர்.சி.ஏ. ஒயரையும் ஒரே பக்கமாக இழுத்தாயா? ஒன்றை இடது ஓரம், இன்னொன்றை வலது ஓரம் கொண்டுபோ. நான் மூன்று நாள் தேடி, இரண்டு ஆம்ப் மாற்றி, கடைசியில் உப்புத்தாள் வைத்து நாலு தேய்ப்பு தேய்த்ததும் நின்றது. பெரிய நோய் என்று நினைத்துக்கொண்டு ஓடியவன் நான். சின்னதிலிருந்து பார்த்திருக்க வேண்டும்.

14. கெய்ன் என்று ஆம்ப்பில் ஒரு திருகு இருக்கும், அது வால்யூம் அல்ல. செட்டின் குரலும் ஆம்ப்பின் காதும் ஒத்துப்போகிற அளவுக்குத் திருகி விட்டுவிடு. சத்தம் போதவில்லை என்று அதையும் பேஸ் பூஸ்ட்டையும் முழுக்கத் திருப்பினால் ஒலியின் தலையும் காலும் வெட்டுப்பட்டு, ட்வீட்டர் முதலில் கருகும். கொஞ்ச வாட்ஸைக் கதறக் கதற ஓட்டி எரித்த ஸ்பீக்கர்தான் என் கடை மேசைக்கு அதிகம் வந்தது.

15. காதைப் பார்த்துக்கொள் சாமி. 85 டிபி சத்தத்தில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்கிறார்கள். ஒவ்வொரு 3 டிபிக்கும் நேரம் பாதியாகும். 100 டிபியில் கால் மணி நேரம்தான். போட்டிக்கு வண்டி கட்டுகிறோம் என்று 2000-களில் டிக்கி நிறைய வூஃபர் அடுக்கி, மூடிய வண்டிக்குள் உட்கார்ந்து பரிசோதித்த ஆள் நான். பனியன் துடிக்கும், பெருமையாக இருக்கும். இப்போது ராத்திரி வீடு அடங்கியதும் என் வலது காதில் ஒரு சில்வண்டு கத்துகிறது. எட்டு வருஷமாக நிற்கவில்லை. உன் பெரியம்மா அடுப்படியிலிருந்து கூப்பிடுவது பாதி நேரம் கேட்பதில்லை, வேண்டுமென்றே கேட்காத மாதிரி இருப்பதாக அவள் நினைக்கிறாள். ஆம்புலன்ஸ் பின்னால் வந்தால் உனக்குக் கேட்க வேண்டும். அதுவரைதான் வால்யூம்.

இப்போது நான் ஓட்டுகிற பழைய 800-இல் முன்னால் இரண்டே ஸ்பீக்கர். கதவு இரண்டையும் நானே ஒட்டினேன், மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது.

உன் வண்டியை இந்தச் சனிக்கிழமை கொண்டு வா, முதலில் இடது கதவு மட்டும் பிரிப்போம். கிளிப் நெம்புகிற பிளாஸ்டிக் கரண்டி என்னிடம் இருக்கிறது. என் மல்டிமீட்டரை நீயே வைத்துக்கொள். அதில் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டது, வரும் வழியில் ஒன்று வாங்கிக்கொண்டு வா.